புத்தளக் கரையில் ஒரு வார இறுதி

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் தாண்டி வடக்கே சுமார் 130 கிலோமீற்றர் வந்தால் புத்தளம். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் தென்னந்தோட்டங்கள், இடையிடையே உப்பளங்கள். உப்புக் குவியல்களைக் கிடுகால் மூடி வரிசையாக வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சின்னச் சின்னக் கொட்டில்கள் நிற்பது போலத் தெரியும். முகாம்களில் வாழ்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் காட்சி வேறு நினைவுகளையும் கொண்டு வரும்.

புத்தளம் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது உப்பு, கருவாடு, சீமெந்து, வீதியில் திரியும் கழுதைகள். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் முதலில் சொல்வது உதைபந்தாட்டத்தைத்தான். லிவர்பூல், போல்டன் என்று இங்கிலாந்துக் கழகங்களின் பெயரையே தங்கள் கழகங்களுக்கு வைத்துக்கொண்ட ஊர் இது. சனி, ஞாயிறு பின்னேரங்களில் நகரத்திலிருந்து பாலாவி வரையும், பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதி வழியாகவும் போனால், வெறுங்காணி கிடைத்த இடமெல்லாம் பந்து உருளும். ஆடு மேய்கின்ற காணியில் இரண்டு தடி நட்டால் அது மைதானம்.

2022 செப்டெம்பர் மாதம் ஒரு வார இறுதியை நான் இந்தக் கரையில் கழித்தேன். விளையாட்டுப் பார்ப்பதற்கென்றே போனேன். போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு எத்தனையோ கவலைகள் இருக்க, இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எழுத வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்று கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

ஏழு பேர்

புத்தளத்தில் என்னை வரச் சொன்னவள் என் பாடசாலைச் சினேகிதி. அவளும் நானும் மன்னாரில் ஒரே வகுப்பு, ஒரே வலைப்பந்தாட்ட அணி. வலைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். எங்கள் ஏழு பேரில் மூன்று பேர் முஸ்லிம் பிள்ளைகள், நான்கு பேர் தமிழ்ப் பிள்ளைகள். அந்த வயதில் அந்தக் கணக்கை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பின்னால் யுத்தம்தான் எங்களுக்கு அந்தக் கணக்கைக் காட்டியது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர் என்று சொல்லப்படுகிறது. மன்னார்த்தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினார்கள். முதலில் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும், பிறகு தென்னந்தோட்டங்களில் போட்ட கிடுகுக் கொட்டில்களிலும் வாழ்ந்தார்கள். எங்கள் அணியின் மூன்று பேரும் அப்படிப் போனவர்கள். எங்கள் குடும்பம் அதே வருடம் படகில் இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமில் இருந்தது. ஒரு வருடத்துக்குள் ஏழு பேரும் ஏழு இடம்.

என் சினேகிதி புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே மணம் முடித்து, மூன்று பிள்ளைகளுக்குத் தாயானாள். யுத்தம் முடிந்த பிறகு அவளுடைய நானா மன்னாருக்குத் திரும்பி விட்டார். அவள் திரும்பவில்லை. "முப்பது வருஷம் எண்டது ஒரு ஆயுள்தானேடி. பிள்ளைகளுக்கு இதுதான் ஊர்" என்பாள். 2007 இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தின் பின் இந்தப் பக்கத்தில் பல குடியேற்றங்களில் கிடுகுக்குப் பதிலாகக் கல்வீடுகள் எழும்பின. அவளுடைய வீடும் அப்படி ஒன்று. பாலாவிக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் கொண்ட சின்ன வீடு.

நான் போய் இறங்கியதும் தேநீருக்கு முன்னால் அவள் காட்டியது கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்த ஒரு நேரசூசி. வெள்ளி இரவு: கிரிக்கெட். சனி பின்னேரம்: பையன்களின் உதைபந்தாட்டம். சனி இரவு: இங்கிலாந்து உதைபந்தாட்டம். ஞாயிறு காலை: கற்பிட்டி. பகல்: எங்கட பிள்ளைகளின் வலைப்பந்து. பிறகு: சிங்கப்பூர். இரவு: டுபாய். "சமைக்கிறது எப்ப?" என்று கேட்டேன். "அதுக்கு உம்மா இருக்கிறா. அவவும் மேட்ச் தொடங்கினா அடுப்பை நூத்திட்டு வந்திருவா" என்றாள்.

வெள்ளி இரவு

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று உங்களுக்குத் தெரியும். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மருந்தில்லை, மாவில்லை. மன்னாரிலிருந்து அனுராதபுரம் சுற்றிப் புத்தளம் வருவதற்குப் பஸ்ஸில் இடம் கிடைத்ததே பெரிய காரியம். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகின்ற ஊர்களிலும் அந்த வருடம் மின்வெட்டு இருந்தது. இலங்கையில் நடக்க வேண்டிய ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் போட்டிகளையே நாட்டு நிலைமை காரணமாக ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

அங்கே போன எங்கள் அணி ஓகஸ்ட் 27 ஆம் திகதி முதல் ஆட்டத்திலேயே ஆப்கானிஸ்தானிடம் 105 ஓட்டங்களுக்குச் சுருண்டு, 8 விக்கெட்டுகளால் தோற்றது. எல்லாரும் கைவிட்ட பிறகுதான் அணி எழும்பியது. பங்களாதேஷை 2 விக்கெட்டுகளால் வென்றது. அடுத்த சுற்றில் ஆப்கானிஸ்தானை 4 விக்கெட்டுகளாலும், இந்தியாவை 6 விக்கெட்டுகளாலும் வென்றது. நான் போயிறங்கிய வெள்ளிக்கிழமை, செப்டெம்பர் 9 ஆம் திகதி, பாகிஸ்தானை 121 ஓட்டங்களுக்குள் மடக்கி 5 விக்கெட்டுகளால் வென்றது. பத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 55 ஓட்டங்கள். ஞாயிறு இரவு இறுதிப் போட்டியிலும் இதே பாகிஸ்தான்தான்.

இந்தப் புள்ளிகளையெல்லாம் எனக்கு ஒப்புவித்தது ஆண்பிள்ளைகள் அல்ல. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய சினேகிதியின் உம்மா. வலது கண்ணில் பார்வை குறைவு. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, "யார் மகள் அடிக்கிற? யார் போடுற?" என்று கேட்டுக் கேட்டே முழு ஆட்டத்தையும் மனதில் வைத்திருக்கிறா.

சனி: வேப்பமரத்தின் கீழ்

சனிக்கிழமை போயா தினம். பகலெல்லாம் வெயில், பின்னேரம் களப்புக் காற்று. மைதானம் என்பது பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் இடையில் உள்ள மண்தரை. புல் இல்லை. பந்து உருண்டால் பின்னாலேயே தூசி எழும்பும்.

சினேகிதி சொன்னாள், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த மைதானத்தில் அடிபிடி நடக்காத கிழமை இல்லையாம். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதில் பிரச்சினை, தோட்டங்களில் கூலிவேலை பிடிப்பதில் பிரச்சினை, பாடசாலை அனுமதியில் பிரச்சினை. கையில் இருந்த கொஞ்சத்தையும் அகதிகளோடு பங்கிட்டவர்கள் உள்ளூர் மக்கள். அந்தக் கொஞ்சம் எல்லாருக்கும் காணாமல் போனபோது மனங்கள் கசந்தன. பெரியவர்கள் கூட்டம் போட்டுத் தீர்க்க முடியாததைப் பையன்கள் வேறு வழியில் தீர்த்தார்கள். ஒரு பக்கம் "அகதி" அணி, மறுபக்கம் "ஊர்" அணி என்று மோதியவர்கள், வெளியூர்ச் சுற்றுப்போட்டிக்குப் போக நல்ல விளையாட்டுக்காரர் பதினொரு பேர் தேவைப்பட்டபோது இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் எடுத்தார்கள். பந்து நன்றாக அடிக்கிறவன் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறான் என்று யார் பார்ப்பது?

நான் பார்த்த ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது. கடைசி நிமிடத்தில் ஒரு பையன் கோல் கம்பத்துக்கு முன்னால் பந்தைத் தவறவிட்டபோது எங்கள் பக்கத்திலிருந்து எழும்பிய சத்தம்தான் பெரிது. எங்கள் பக்கம் என்றால் பெண்கள் பக்கம். கோல் கம்பத்துக்குப் பின்னால் வேப்பமரத்தின் கீழ் முப்பது பேர் வரை பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். கடலை விற்கும் வயதான ராத்தாவும் எங்களோடுதான். ஆண்கள் மைதானத்தின் நீளப் பக்கத்தில் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் முழு ஆட்டமும் தெரியும். எங்கள் இடத்திலிருந்து பாதி ஆட்டம்தான் தெரியும். மறுபாதியைச் சத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டும்.

"முந்தி இதுவும் இல்லை. வேலிக்குள்ள நிண்டு கிடுகு ஓட்டையால பாத்த நாங்கள்" என்றாள் சினேகிதி. ஒரு கோல் காப்பாளனின் தாய் என்னருகில் இருந்தா. கணவர் இல்லை. உப்பளத்தில் கூலிவேலை செய்து அந்தப் பையனை வளர்த்தவ. ஆட்டம் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தபோது மாத்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

அன்றிரவு நேரசூசியில் இருந்த இங்கிலாந்து உதைபந்தாட்டம் நடக்கவில்லை. செப்டெம்பர் 8 ஆம் திகதி இரண்டாவது எலிசபெத் மகாராணி காலமானதால் அந்த வார இறுதியின் பிரிமியர் லீக் போட்டிகள் எல்லாவற்றையும் ஒத்திவைத்து விட்டார்கள். பாலாவியில் சில பையன்களின் முகம் செத்தவீட்டு முகமாகவே இருந்தது. மகாராணிக்காக அல்ல, மேட்சுக்காக. நாங்கள் விறாந்தையில் பௌர்ணமி நிலவில் உட்கார்ந்து பழைய கதை பேசினோம்.

ஞாயிறு காலை: கற்பிட்டி

விடிந்ததும் சினேகிதியின் இளைய மகள் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அன்ரி, ஜபேர் தோத்திட்டா!" துனீசியா நாட்டு டென்னிஸ் வீராங்கனை ஒன்ஸ் ஜபேர். அந்த ஜூலையில் விம்பிள்டன் இறுதிப் போட்டிக்கு வந்து, மாபெரும் டென்னிஸ் போட்டியொன்றின் ஒற்றையர் இறுதிக்கு வந்த முதலாவது அரபுப் பெண் என்று பெயரெடுத்தவர். எங்கள் நேரப்படி ஞாயிறு விடியப்புறம் நியூயோர்க்கில் நடந்த இறுதியில் போலந்தின் இகா ஷ்வியான்டெக்கிடம் 6–2, 7–6 என்று தோற்றுவிட்டார். பாலாவியில் ஒரு பிள்ளை அதற்காகக் காலைச் சாப்பாட்டை ஒதுக்கி வைத்தாள். உலகம் எவ்வளவு சின்னது என்று நினைத்துக்கொண்டேன்.

பாலாவியிலிருந்து கற்பிட்டி சுமார் 40 கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே நீண்டு கிடக்கும் மணல் தரை. நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை என்று போகும் ஊர்களில் வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்கள். இடம்பெயர்ந்து வந்த பெண்களில் எத்தனையோ பேர் இந்தத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் குனிந்து களை பிடுங்கியே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். தலவில் புனித அன்னாள் தேவாலயத்துக்குத் திரும்பும் பாதையையும் தாண்டிப் போனால் கற்பிட்டி. ஒல்லாந்தர் 17 ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை இன்றும் களப்பைப் பார்த்தபடி நிற்கிறது.

மே முதல் ஒக்டோபர் வரை இங்கே தென்மேற்குக் காற்று விடாமல் வீசும். அந்தக் காற்றுக்காகவே வெளிநாட்டவர்கள் வருகிறார்கள். பெரிய பட்டத்தின் கயிற்றை இடுப்பில் கொளுவிக்கொண்டு, பலகையில் நின்று, தண்ணீரின் மேல் சறுக்கிப் போகும் விளையாட்டு. நிறநிறமான பட்டங்கள் வானம் நிறைய. சறுக்கியவர்களில் பாதிப்பேர் பெண்கள். கரையில் எங்கள் பெண்கள் மீன் வெட்டிக் கருவாட்டுக்குக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே காற்று அவர்களுக்கும் வேண்டும், கருவாடு காய்வதற்கு. ஒரு ராத்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னா, "கடலிலே பொறந்து கடலிலே கிடக்கிறம். ஒரு நாளும் வெளையாட எண்டு தண்ணியில எறங்கினதில்ல." குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னா.

பகல்: சுவருக்குப் பின்னால்

திரும்பி வந்தபோது மாதர் சங்கக் கட்டடத்தின் பின்வளவில் பிள்ளைகள் காத்து நின்றார்கள். பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரை, பதினாறு பேர். மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் கிடுகுவேலி. இரண்டு முனையிலும் இரும்புக் குழாய் நட்டு, அதன் தலையில் கம்பியை வளைத்து ஒட்டிய வளையம். சுண்ணாம்புக் கோடு. ஒரே ஒரு பந்து. பயிற்சி கொடுப்பது என் சினேகிதி. நாற்பத்தேழு வயதில், நீளக் காற்சட்டையும் சட்டையும் முக்காடும் போட்டு, விசில் ஊதிக்கொண்டு.

இது இலகுவில் வந்ததல்ல. "பொம்பளப் பிள்ளைகளுக்கு என்ன பந்தாட்டம்" என்று தொடக்கத்தில் சொல்லாதவர் இல்லை. உடை என்ன, யார் பார்ப்பார்கள், பொழுதுபட்டால் யார் கூட்டி வருவது என்று ஆயிரம் கேள்வி. அவள் யாரோடும் சண்டை போடவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு ஏற்பாடு செய்தாள். வேலி போட்டாள். நேரத்தைப் பகலுக்கு மாற்றினாள். உடையைப் பிள்ளைகளும் தாய்மாரும் சேர்ந்து தீர்மானிக்கட்டும் என்றாள். முக்காட்டோடு விளையாடலாமா என்று கேட்டவர்களுக்கு, உதைபந்தாட்டத்தின் உலகச் சம்மேளனமே 2014 இல் அதற்கு அனுமதி கொடுத்து விட்டது என்று பத்திரிகைத் துண்டைக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்மாரை வரச் செய்தாள். "புள்ளைய அனுப்ப வேணாம், கூட்டிட்டு வாங்க" என்றாள். வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் இப்போது கோல்களை எண்ணிக் குறிக்கிறார்கள்.

பதினாறு பேரில் வடக்கிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் உண்டு, புத்தளத்தின் பழைய குடும்பங்களின் பிள்ளைகள் உண்டு, பாலாவிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேரும் உண்டு. விளையாட்டுத் தொடங்கியதும் யார் யாரென்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. எல்லாரும் ஒரே குரலில் "இங்க! இங்க!" என்று கத்தினார்கள்.

சிங்கப்பூரும் டுபாயும்

செப்டெம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. ஒரே நாளில் இலங்கைக்கு இரண்டு ஆசிய இறுதிப் போட்டிகள். சிங்கப்பூரில் பெண்களின் வலைப்பந்தாட்டம், டுபாயில் ஆண்களின் கிரிக்கெட். கிரிக்கெட்டை ஊர் முழுக்கப் பார்க்கப் போகிறது என்று தெரியும். வலைப்பந்தாட்டத்தை எங்கள் வீட்டில் ஒரு கைத்தொலைபேசியில் பார்த்தோம். போத்தல் ஒன்றில் அதைச் சாய்த்து வைத்து, சுற்றிவர ஒன்பது தலைகள். இடையிடையே படம் நின்றுபோகும். அப்போதெல்லாம் உம்மா, "என்ன மகள், என்ன மகள்?" என்று பதறுவா.

இலங்கைப் பெண்கள் சிங்கப்பூரை 63–53 என்று வென்றார்கள். கயஞ்சலி அமரவன்ச தலைமையில் பெற்ற அந்த வெற்றி, ஆசிய வலைப்பந்தாட்டத்தில் இலங்கையின் ஆறாவது கிண்ணம். 1989, 1997, 2001, 2009, 2018 என்று அதற்கு முன்பு ஐந்து தடவை. ஆசியாவில் எங்கள் ஆண்களின் கிரிக்கெட் அணிக்கும் எங்கள் பெண்களின் வலைப்பந்தாட்ட அணிக்கும் சாதனையில் பெரிய வித்தியாசம் இல்லை. பேரிலும் பணத்திலும்தான் வித்தியாசம்.

2009, 2018 வெற்றிகளில் தோள்கொடுத்தவர் யாழ்ப்பாணம் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். உயரம் 208 சென்ரிமீற்றர். அந்த உயரத்துக்காகவே சிறுவயதில் கேலிக்கு ஆளானவர். 2019 இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டு, எல்லா நாட்டு வீராங்கனைகளையும் முந்தினார். கேலி செய்த உயரமே நாட்டுக்குக் கிண்ணம் கொண்டு வந்தது.

இரவு டுபாய். இலங்கை 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் இழந்தபோது பக்கத்து வீட்டு ஆண்கள் எழும்பிப் போய்விட்டார்கள். உம்மா போகவில்லை. பானுக ராஜபக்ஷ ஆட்டமிழக்காமல் 71, வனிந்து ஹசரங்க 36. மொத்தம் 6 விக்கெட்டுக்கு 170. பாகிஸ்தான் 147 க்குள் முடிந்தது. பிரமோத் மதுஷானுக்கு 4 விக்கெட், ஹசரங்கவுக்கு ஒரே ஓவரில் 3 விக்கெட். 23 ஓட்டங்களால் வெற்றி. பட்டாசு வாங்கக் காசில்லாத வருடம். பையன்கள் தகரத்தில் தட்டினார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் சினேகிதி ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தாள். எங்கள் ஏழு பேரில் ஒருத்திக்கு. இப்போது வன்னியில் இருக்கிறாள். அவளுடைய கணவர் 2009 இல் காணாமற்போனவர். இன்றும் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் நிற்கும் பெண்களில் அவளும் ஒருத்தி. தூங்கியிருப்பாள் என்று நினைத்தோம். முதல் மணியிலேயே எடுத்தாள். மெல்லிய குரலில் சொன்னாள், "நானும் பாத்தனானடி. ரண்டு மேட்சும் பாத்தனான். சத்தத்தைக் குறைச்சு வைச்சுப் பாத்தனான். சிரிக்கிறது வெளியில கேட்டா, புருஷனை மறந்திட்டாள் எண்டு சொல்லுவினம்."

நாங்கள் இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மூவருமாக 1989 ஆம் ஆண்டு நாங்கள் விளையாடிய ஒரு கோட்டமட்டப் போட்டியைப் பற்றிப் பேசினோம். யார் யாருக்குப் பந்தைக் கொடுத்தது, யார் கோட்டை விட்டது என்று சண்டையும் பிடித்தோம். அவள் சத்தமாகச் சிரித்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவளுடைய அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

சகோதரிகளே, இதற்காகத்தான் எழுதுகிறேன். இழந்தவள் அழுதுகொண்டே இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. அழாவிட்டால் சந்தேகப்படுகிறது. ஒரு பெண் ஒரு மணித்தியாலம் பந்தைப் பார்த்துச் சிரித்தால் அவள் தேடுவதை நிறுத்திவிட்டாள் என்று அர்த்தமில்லை. அடுத்த நாள் காலையில் அதே படத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு பலம்.

அதன் பிறகு

இரண்டு கிண்ணங்களையும் வென்றவர்கள் செப்டெம்பர் 13 ஆம் திகதி கட்டுநாயக்கவிலிருந்து கொழும்புக்கு ஊர்வலமாக வந்தார்கள். வலைப்பந்தாட்டப் பெண்களும் அந்த ஊர்வலத்தில் இருந்தார்கள். வீதியோரத்தில் நின்ற எத்தனையோ சிறுமிகள் அதைப் பார்த்திருப்பார்கள்.

இரசிகைக்கு எப்போதும் வெற்றி கிடைப்பதில்லை. 2023 செப்டெம்பர் 17 இல் கொழும்பில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியில் எங்கள் ஆண்கள் இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டார்கள். 2024 ஒக்டோபரில் பெங்களூரில் எங்கள் வலைப்பந்தாட்டப் பெண்கள் அதே சிங்கப்பூரிடம் 64–67 என்று கிண்ணத்தைப் பறிகொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்பு, 2024 ஜூலை 28 ஆம் திகதி தம்புள்ளையில், எங்கள் பெண்கள் கிரிக்கெட்டில் முதல் தடவையாக ஆசியக் கிண்ணத்தை வென்றார்கள். இந்தியா 6 விக்கெட்டுக்கு 165. இலங்கை 18.4 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 167. அணித்தலைவி சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. சமரி குருநாகல் மாவட்டத்தின் கொகரெல்லவைச் சேர்ந்தவர். அதாவது புத்தளமும் அடங்கிய வடமேல் மாகாணத்துப் பிள்ளை. அன்று என் சினேகிதி எனக்கு அனுப்பிய செய்தி ஒரே வரி: "இந்த முறை ஆம்பிளையளும் எங்கட வீட்டுக்கு வந்து பாத்தவங்கள்."

ஒரு பந்தும் ஒரு வளையமும்

உங்கள் ஊரிலும் இதைத் தொடங்கலாம். வலைப்பந்தாட்டத்துக்குப் பெரிய செலவில்லை. ஒழுங்கான மைதானம் என்றால் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். அவ்வளவு இடம் இல்லாவிட்டால் உள்ளதை வைத்துத் தொடங்குங்கள். தரையிலிருந்து வளையம் 3.05 மீற்றர் உயரத்தில், அதாவது பத்தடியில், இருக்க வேண்டும். வளையத்தின் விட்டம் 38 சென்ரிமீற்றர். கம்பத்துக்கு இரும்புக் குழாயும் போதும், கமுக மரமும் போதும். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், பதினைந்து நிமிடமாக நான்கு பகுதிகள். பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, மூன்று செக்கனுக்குள் அடுத்தவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். தனியாக யாரும் வெல்ல முடியாத விளையாட்டு இது.

பிள்ளைகளுக்கு இடம் பிடித்துக் கொடுங்கள். தாய்மார் பக்கத்தில் இருங்கள். விளையாட வயது போய்விட்டது என்றால் கோல்களை எண்ணுங்கள். மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் அரை மணித்தியாலம் பந்தை எடுத்துப் பாருங்கள். பார்ப்பதற்கு நல்ல இடமாக, முழு ஆட்டமும் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் மாத்திரம் வேண்டாம்.

நாங்கள் ஏழு பேரில் இப்போது ஐந்து பேர் தொடர்பில் இருக்கிறோம். ஒருத்தி கனடாவில். ஒருத்தி எங்கே என்று தெரியவில்லை. மற்றவள் யுத்தத்தில் இறந்துவிட்டாள். பாலாவியில் அந்த மதிலுக்குப் பின்னால் பதினாறு பிள்ளைகளோடு தொடங்கிய பயிற்சியில் இப்போது இருபத்திரண்டு பேர். பந்தும் மூன்றாகியிருக்கிறது.